பிள்ளைப் பாக்கியம்: பழி பெண்ணுக்கு மட்டும் தானா?

அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கும் அருட்கொடைகளுள் பிள்ளைச் செல்வம் மிக உயர்ந்தது. அதை வேண்டாத இல்லறம் இல்லை. ஆனால் அந்த அருட்கொடை தாமதமாகும்போது நம் மஹல்லாக்களில் நடப்பதைப் பார்த்தால் உள்ளம் வேதனைப்படுகிறது. நிகாஹ் முடிந்து ஆறு மாதம் கழிந்ததும் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு வருடம் ஆனதும் மாமியார் வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது. அடுத்த வருடம் அந்தப் பெண்ணை டாக்டரிடமும், ஓதிப் பார்ப்பவரிடமும், நாட்டு வைத்தியரிடமும் மாறி மாறி அழைத்துச் செல்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, தாயத்து எல்லாம் அவளுக்கே. பிறகு "மலடி" என்னும் பட்டம். அதன் பின் தலாக், அல்லது இன்னொரு நிகாஹ் பற்றிய பேச்சு. இத்தனைக்கும் நடுவில் கணவனை ஒரு தடவையாவது பரிசோதித்தீர்களா என்று கேட்டால், "அவனுக்கென்ன, அவன் ஆம்பிளை!" என்று பதில் வருகிறது.

கோவை உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை முதல் திருப்பூர், ஈரோடு வரை இந்தப் பதிலைக் கேட்காத இமாம்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் குறைவு. இந்தப் பதில் மருத்துவத்துக்கும் முரணானது; மார்க்கத்துக்கும் முரணானது. எப்படி என்பதை இங்கு சற்று விரிவாகக் காண்போம்.

வெட்கம் தடையாகலாமா?

இந்திரியம், கரு, பிள்ளைப்பேறு பற்றிப் பள்ளிவாசலை ஒட்டிய ஒரு பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். குளிப்புக் கடமையாகும் காரணங்களை ஓதாமல் எந்த மாணவரும் ஃபிக்ஹுக் கல்வியைக் கடந்து செல்வதில்லை. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்து, தூக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதமானால் குளிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. ஈரத்தைக் கண்டால் குளிக்க வேண்டும் என்று விளக்கினார்கள். பெண்ணுக்கும் அப்படி ஒன்று உண்டா என்ற வியப்பு அங்கே எழுந்தபோது, இல்லையென்றால் பிள்ளை தாயின் சாயலில் பிறப்பது எப்படி என்று திருப்பிக் கேட்டார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மார்க்கத்தைக் கற்க வெட்கம் தங்களைத் தடுக்காத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு இருந்த துணிவு நம் ஆண்களுக்கும் வேண்டாமா?

இந்திரியத்தில் இருப்பது என்ன?

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹுக் என்னும் துணி வியாபாரி, தாமே செய்த பூதக்கண்ணாடியின் கீழ் 1677ஆம் ஆண்டில் இந்திரியத்தை வைத்துப் பார்த்தார். வாலை ஆட்டி நீந்தும் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டார். அவையே விந்தணுக்கள். பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் வான் பேயர் கண்டறிந்தார். ஓர் அணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்று சேர்வதை 1876இல் கடல் முள்ளெலியின் முட்டையில் ஹெர்ட்விக் பார்த்தார். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பங்களிக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களிடையே நிலைபெற அத்தனைக் காலம் ஆயிற்று.

ஒரு விந்தணுவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. தலையில் தந்தை வழிச் செய்தி இருக்கிறது. கழுத்தை ஒட்டிய பகுதி ஓடுவதற்கான சக்தியைத் தருகிறது. வால் நீந்துகிறது. ஆரோக்கியமான ஆணின் விரைகளில் இவை இரவும் பகலும் உற்பத்தியாகின்றன. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் உருவாகின்றன. ஆனால் ஓர் அணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். பிறகு அது முதிர்ந்து நீந்தும் வலிமை பெறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆக, இன்று வெளியாகும் அணு ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு முன் உருவாகத் தொடங்கியது. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். கடும் காய்ச்சல் வந்து போனவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதம் அணுக்கள் குறைந்து காணப்படலாம். பீடியை விட்டவருக்கும் பலன் தெரிய அதே அளவு காலம் ஆகும்.

இன்னொரு செய்தி மிக முக்கியமானது. வெளியாகும் நீரில் விந்தணுக்களின் அளவு மிகச் சொற்பம். பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம். ஆகவே நீர் கெட்டியாக இருக்கிறது, அதிகமாக இருக்கிறது என்பதால் அதில் அணு இருக்கிறது என்று பொருளில்லை. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத ஆணுக்கும் அணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். "அவன் ஆம்பிளை" என்னும் வாதம் இங்கேயே உடைந்து விடுகிறது. ஆண்மை வேறு, பிள்ளை பெறும் தகுதி வேறு. நம் ஃபுகஹாக்களும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தாம்பத்தியத்துக்கு இயலாதவனை 'இன்னீன்' என்பர். அவனுக்கு ஓராண்டு தவணை உண்டு. பிள்ளை உண்டாகாதவனை 'அகீம்' என்பர். இரண்டும் இரு வேறு பாடங்கள்.

நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு இந்திரியம் ஆகிறது என்று பலரும் நம்புகிறார்கள். இதற்கு மருத்துவத்திலும் ஆதாரமில்லை. திருமறையிலும் ஸஹீஹான ஹதீஸிலும் ஆதாரமில்லை. இந்த அச்சத்தை மூட்டியே, ஊர் ஊராக லாட்ஜில் அறையெடுத்து "வாலிப வயோதிக அன்பர்களே" என்று அழைப்பவர்கள் தாது விருத்தி லேகியம் விற்றார்கள். இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படியிருந்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை.

திருமறை கூறும் பாடம்

திருமறை மருத்துவ நூல் அல்ல. நேர்வழி காட்டும் வேதம். ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் ஏதாவது ஓர் ஆயத்துக்குள் திணிப்பது நல்ல முறையல்ல. எனினும் நம் பிரச்சினைக்கு வேண்டிய நேர்வழி அதில் தெளிவாக இருக்கிறது.

அத்தஹ்ர் சூராவின் 2ஆம் வசனம் கலப்பான துளியிலிருந்து மனிதன் படைக்கப்பட்டதைக் கூறுகிறது. அந்தக் கலப்பு ஆணின் நீரும் பெண்ணின் நீரும் சேர்ந்தது என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர். கருவில் ஆணுக்குப் பெரிய பங்கில்லை என்று உடற்கூறு நூலார் பலர் அக்காலத்தில் கூறி வந்தனர். ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஹதீஸ்களின் துணைகொண்டு அதை மறுத்துள்ளார்கள். அந்நஜ்ம் சூராவின் 45, 46ஆம் வசனங்கள் ஆண், பெண் என்னும் இரு வகையும் செலுத்தப்படும் துளியிலிருந்தே படைக்கப்படுவதாகக் கூறுகின்றன. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் அணு எவ்வகை என்பதைப் பொறுத்தது என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவ்விதமிருக்க, "மூன்றும் பெண்ணாகப் பெற்றாளே" என்று மருமகளை ஏசுவதில் என்ன நியாயம்?

அஷ்ஷூரா சூராவின் 49, 50ஆம் வசனங்களைப் பாருங்கள். தான் நாடியவர்களுக்குப் பெண்மக்களையும், நாடியவர்களுக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இருபாலாரையும் வழங்குவதாகவும், நாடியவர்களை அகீம் ஆக்குவதாகவும் அல்லாஹ் கூறுகிறான். "நாடியவர்களை" என்ற சொல்லில் ஆணும் அடங்குவான். பெண்ணை மட்டும் குறிப்பதாகச் சுருக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஸகரிய்யா (அலை) அவர்களின் வரலாறு இதைவிடத் தெளிவானது. ஆலு இம்ரான் சூராவின் 40ஆம் வசனத்தில் அந்த நபி முதலில் தம் முதுமையைக் கூறுகிறார்கள். அதன் பிறகே மனைவியின் நிலையைக் குறிப்பிடுகிறார்கள். மர்யம் சூராவில் வரும் துஆவும் தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் கொண்டே தொடங்குகிறது. ஒரு நபி தம் குறையை முதலில் எண்ணிப் பார்க்கிறார். நாமோ நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்ராஹீம் (அலை) அவர்களும் முதுமையில் தான் பிள்ளை பெற்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் சகோதரி மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) பெயரால் உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டார்கள். அதனால் அவர்களின் சிறப்பில் ஏதேனும் குறைந்ததா?

கொங்கு விவசாயியின் நியாயம்

காங்கேயம் மாட்டுக்குப் பெயர்போன பூமி நம்முடையது. இங்கே ஒரு பசு சினை பிடிக்கவில்லை என்றால் விவசாயி பசுவை மட்டும் பார்ப்பதில்லை. பொலிகாளை எப்படி, போட்ட சினை ஊசி சரியானதா என்றும் விசாரிக்கிறார். உறைவிந்து நிலையங்களில் காளையின் விந்தை நுண்பெருக்கியில் வைத்து, அணுக்கள் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே ஊசிக்கு அனுப்புகிறார்கள். மனிதனை மாட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமல்ல. பசுவுக்குக் காட்டும் நியாயம்கூட மருமகளுக்குக் கிடைக்கவில்லையே என்பது தான் நம் ஆதங்கம்.

கணக்கும் அதையே கூறுகிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறு தடைபடும் நிலையை அடைகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் இருக்கிறது. அவர்களுள் ஒரு பகுதியினரிடம் ஆணின் காரணம் மட்டுமே இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தடுப்பு ஏதுமின்றி 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால் தான் மருத்துவம் அதைக் குறையாகக் கருதுகிறது. வளைகுடாவில் வேலை பார்த்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருபவரும், லாரியில் வடநாடு சென்று மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்குபவரும் நிகாஹ் ஆன நாளிலிருந்து கணக்குப் போடக்கூடாது. கருமுட்டை வெளியானபின் ஒரு நாள் அளவே உயிரோடு இருக்கிறது. விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாங்கும். மாதத்தில் அந்தச் சில நாட்களில் கணவன் ஊரில் இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்?

ஆணிடம் குறை ஏற்படுவது எப்படி?

விரைகள் உடலுக்கு வெளியே அமைந்திருப்பது அல்லாஹ்வின் ஹிக்மத். உடற்சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த சூட்டில் தான் அணுக்கள் நன்கு உருவாகும். கோவையின் வார்ப்படப் பட்டறைகளில் உலைக்கு முன் நிற்பவர்களும், பேக்கரி அடுப்பிலும் பரோட்டாக் கல்லிலும் நாள் முழுதும் நிற்பவர்களும், திருப்பூரில் நீராவி அயர்ன் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்த சூடு அணுவைக் குறைக்கக்கூடும். வேலையை விடச் சொல்லவில்லை. இடையிடையே விலகி நிற்பதும், இறுக்கமான உடை தவிர்ப்பதும் பிள்ளை வேண்டுவோருக்கு நல்லது.

விரைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைப்பது ஒரு முக்கியக் காரணம். ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது உண்டு. பிள்ளையில்லை என்று வரும் ஆண்களில் நூற்றுக்கு 40 பேர் வரை காணப்படுகிறது. தேவைப்படுவோருக்கு அறுவைச் சிகிச்சையால் சரி செய்யலாம். பருவம் எய்தியபின் வரும் பொன்னுக்கு வீங்கி நோய் விரையைத் தாக்கலாம். கிருமித் தொற்று, அணு வரும் குழாய் அடைப்பு, சர்க்கரை நோய், புகை, மது ஆகியவையும் உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க ஊசி போட்டுக்கொள்ளும் வாலிபர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து செலுத்தினால் உடல் அணு உற்பத்தியை நிறுத்தி விடக்கூடும். ஆண்மை கூடும் என்று போடும் ஊசியே பிள்ளையைத் தடுக்கிறது.

விஷ மருந்துகளையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாத்ரப் என்ற ஊரில், மண்புழுப் போன்ற நுண்ணிய வேர்ப்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்கும் பிள்ளை பிறக்காததைப் பேசிக்கொண்டபோது கவனித்தார்கள். 1977இல் பரிசோதித்ததில் பலருக்கு அணு குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தது. அந்த ஆண்கள் பரிசோதனைக்கு முன்வராமல் மனைவியரையே குற்றம் சொல்லியிருந்தால் உண்மை வெளிவந்திருக்குமா? தோட்டத்தில் மருந்து தெளிப்பவர்கள் கையுறையும் முகமூடியும் அணிவதும், தெளித்தபின் குளிப்பதும் அவசியம்.

பரிசோதனையும் மஸாயிலும்

நோய்க்கு மருந்து செய்யலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது உள்ளது. எனவே பரிசோதனை செய்வது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

பெண்ணுக்குரிய பல சோதனைகள் வலியும் செலவும் மிக்கவை. ஆணுக்குரிய முதல் சோதனை எளிது. இரண்டு முதல் ஏழு நாள் தாம்பத்தியத்தைத் தவிர்த்து இந்திரியத்தைக் கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணு, நூற்றுக்கு 42 அசையும் நிலை என்பவை கீழ் எல்லைகள். இதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளல்ல. வாய்ப்புக் குறையலாம் என்பதே பொருள். ஒரு சோதனையோடு முடிவு கட்டவும் கூடாது. இடைவெளி விட்டு மறுமுறை பார்க்க வேண்டும்.

இதில் எழும் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

1. சோதனைக்காக இந்திரியம் எடுப்பது கூடும். மனைவியின் துணையோடு எடுப்பதே மேலானது.

2. வழக்கமான முறையில் இச்சையோடு வெளியானால் குளிப்புக் கடமை. இந்திரியம் நஜீஸ் என்பது ஹனஃபீ மத்ஹபு. சுத்தமானது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. குளிப்புக் கடமை என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

3. இவ்வாறு எடுப்பதால் நோன்பு முறியும். ஆகவே ரமளானில் பகல் நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

4. மருத்துவர் மறைவிடத்தைப் பார்ப்பது தேவையின் அளவுக்கு மட்டும் கூடும். ஆணுக்கு ஆண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்ல வேண்டும்.

சந்தேகம் என்னும் நெருப்பு

அணு குறைவு என்று சீட்டு வாங்கிய சிலர், பின்னர் மனைவி கருவுற்றால் மகிழ்வதற்குப் பதிலாகச் சந்தேகிக்கிறார்கள். இது மிகப் பெரிய அநியாயம். குறைவு என்பது இல்லாமை ஆகாது. கருத்தரிக்க ஓர் அணு போதும். முழு நீரிலிருந்தும் பிள்ளை உண்டாவதில்லை என்ற கருத்தில் முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியை இங்கு நினைவுகூர வேண்டும். தம் சாயலில் இல்லாத பிள்ளை பிறந்ததாக ஒருவர் முறையிட்டபோது, ஒட்டகங்களின் நிறத்தைக் காட்டி, முன்னோரின் சாயலாக இருக்கலாம் என்று விளக்கி அனுப்பினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஆதாரமின்றிக் கற்புள்ள பெண்மீது பழி சுமத்துவது பெரும்பாவம்.

சிகிச்சையின் எல்லை

மருந்தால் ஆகாதபோது செயற்கை முறைகள் உள்ளன. 1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியில் ஒரு குழந்தை பிறந்தது. ஒரே ஓர் அணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை 1992இல் பெல்ஜியத்தில் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அணு மிகக் குறைந்தவர்களுக்கும் இதனால் வழி பிறந்தது.

இவை கூடுமா? 1980 மார்ச்சில் எகிப்தின் முஃப்தி ஷைகு ஜாதுல் ஹக் அவர்களும், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் வகுத்த எல்லை இதுவே: நிகாஹ் நிலைத்திருக்கும் கணவன் மனைவி இருவருக்குள் மட்டும் என்றால் கூடும். மூன்றாம் நபரின் அணுவோ, முட்டையோ, கருப்பையோ நுழைந்தால் ஹராம். கணவன் இறந்தபின்னோ, தலாக்கில் உறவு முறிந்தபின்னோ அவனது உறைய வைத்த அணுவைப் பயன்படுத்துவதும் கூடாது. நஸபு கலப்பதே இதன் காரணம். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கொடையாளரின் அணுவை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்ததெல்லாம் ஹலால் ஆகிவிடாது. ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டை மீண்டும் மீண்டும் விற்கப்பட்ட கொடுமை 2022இல் வெளிவந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே சிகிச்சைக்கு முன்னரே, கணவனுடையது மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று எழுத்தில் உறுதி பெறுவது நல்லது.

மறைப்பது கூடாது

உமர் (ரலி) அவர்கள் ஸகாத் வசூலுக்கு அனுப்பிய ஒருவர் ஒரு பெண்ணை மணந்து வந்தார். அவர் பிள்ளை பிறக்காதவர். அதை அவளிடம் தெரிவித்தீரா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றதும், சென்று தெரிவித்து, உம்மோடு இருப்பதா பிரிவதா என்ற விருப்பத்தை அவளிடமே விடும் என்று உத்தரவிட்டார்கள். அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்களின் முஸன்னஃபில் இச்செய்தி உள்ளது. தமக்கு அணு இல்லை என்று அறிந்தவர் அதை மறைத்து நிகாஹ் செய்வது எவ்வளவு பெரிய மோசடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சோதனைச் சீட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, மனைவி ஊராரின் ஏச்சை வருடக்கணக்கில் சுமப்பதை வேடிக்கை பார்ப்பவன் நாளை அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வான்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையில்லை என்ற காரணம் காட்டித் தலாக்கோ இரண்டாம் நிகாஹோ கேட்டு உங்கள் முன் வருபவரிடம், முதலில் "உம்மைப் பரிசோதித்தீரா?" என்று கேளுங்கள். அந்தச் சோதனை முடியும்வரை வேறு பேச்சைத் தள்ளி வையுங்கள். பெண்ணின் தகப்பனும் சகோதரனும் இதைக் கேட்க அஞ்ச வேண்டாம்.

குறை கணவனிடம் இருப்பதாகத் தெரிந்தால் அவனும் ஏச்சுக்குரியவன் அல்லன். அதுவும் அல்லாஹ்வின் நாட்டமே. மனைவியைக் குறைகூறிய நாவைத் திருப்பிக் கணவன்மேல் ஏவுவதும் மார்க்கமல்ல. இருவரும் ஒருவருக்கொருவர் ஆடை என்று திருமறை கூறும் உறவு இது. ஆடை உடலை மூடி மானம் காப்பது. சிகிச்சை செய்யுங்கள், இஸ்திக்ஃபாரை அதிகப்படுத்துங்கள், ஸகரிய்யா (அலை) அவர்களைப் போல் மறைவாகவும் நம்பிக்கையோடும் கேளுங்கள். கொடுப்பதும் தடுப்பதும் அவன் கையில்.

பிள்ளையில்லாத எல்லாத் தம்பதிகளுக்கும் வல்ல அல்லாஹ் ஸாலிஹான மக்களை வழங்குவானாக! வழங்காதவர்களுக்குப் பொறுமையையும், ஒருவர்மேல் ஒருவருக்கு மாறாத அன்பையும் தந்தருள்வானாக! பெண்களின் கண்ணீருக்குக் காரணமாவதிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.